சகலனின் மணிக்கூட்டில் ஐந்து ஓட்டை

சப்னா, சிபான், றினோஸா மூவருக்கும் வாப்பா எழுதுவது.

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எனக்கு ஒரு ஸ்மார்ட் வோச் வாங்கித் தரப் போவதாக உங்கட உம்மா வாய் தவறிச் சொல்லிப்போட்டா. கேட்டால் வாப்பா வேணாமென்றுதான் சொல்வார், அதனால் கேட்காமல் வாங்குவோம் என்பது சிபான்ட யோசனையாம். கேட்காமல் வாங்க வேண்டாம் மகன். வாங்கலாமா வேணாமா என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் பதிலை மட்டும் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வாப்பா விலையைப் பார்க்கிறார் என்று நினைப்பீர்கள்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். மற்றப் பாதி எனக்கு வெட்கமான பாதி. முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தின ஆள் நான். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

தொடங்கினது நெஞ்சில் இல்லை. உங்கட சாச்சாட மணிக்கட்டில்.

உங்கட உம்மாட தங்கச்சியைக் கட்டின நவாஸ் சாச்சா கட்டாரில் இருந்து ரெண்டு மாத லீவில் வந்த மூன்றாம் நாள். நான் அசர் தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் தன்ர வீட்டுப் படியில் இருந்து இறங்கி வந்தார். பத்து எட்டு நடைதான். நம்மட ஊர் வழமை உங்களுக்குத் தெரியும். வீடு பெண் பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே வளவில் ரெண்டு வீடு, நடுவில் மதில் இல்லை, கிணறு ஒன்று. அக்காவைக் கட்டினவனும் தங்கச்சியைக் கட்டினவனும் மௌத்தாகும் வரைக்கும் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நான் முந்தி வந்தவன். பதினெட்டு வருசமாக அந்த வாசலைப் பார்க்கிறேன். அங்கே ஓடு கழற்றி சிலாப் போட்டது, தரைக்கு மாபிள் பதித்தது, மேல்மாடிக்கென்று கம்பிகளை நிமிர்த்தி விட்டது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. நான் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. வாய் திறக்காமல் இருந்ததைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"காக்கா, இதப் பாருங்களன்" என்று, வழமை போல அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கையை நீட்டினார். கறுத்த சதுரக் கண்ணாடி. கையைத் திருப்பினால் விழித்துக்கொள்கிறது, நெஞ்சு அடிக்கிற எண்ணிக்கை சிவப்பில் தெரிகிறது.

நல்ல ஒன்றைக் கண்டால் மாஷா அல்லாஹ் சொல்ல வேணும். நம்மட கண் அதில் பட்டுப் பழுதாகாமல் இருக்கத்தான் அந்தச் சொல். உங்கள் மூன்று பேருக்கும் கதைக்கத் தொடங்கின வயசிலேயே அதைச் சொல்லித் தந்தது நான். றினோஸா பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் சொல்வாள். அன்றைக்கு அந்தச் சொல் என் வாயில் இருந்து வரவில்லை. மறந்து போனேன் என்று நினைக்க வேண்டாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"சார்ஜ் எத்தன நாளைக்கி நிக்கும்?" என்று கேட்டேன்.

அவர் அதற்கும் சந்தோசமாகப் பதில் சொன்னார். பிறகு நித்திரையைக் கணக்குப் பார்ப்பது, நடையை எண்ணுவது, விரலை வைத்தால் நெஞ்சுத் துடிப்பைக் கோடாகக் கீறுவது என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு குலை. அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. ஏறாதது எது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அடுத்த கிழமையில் நெஞ்சு தொடங்கியது. முதல் தரம் மில்லில், நெல் காயப்போடுகிற களத்தில். அவித்த நெல்லைப் பரப்பி மரப்பலகையால் கிளறிக்கொண்டு இந்தத் தலைப்பில் இருந்து அந்தத் தலைப்புக்கு நடப்பதுதான் இருபது வருசமாக என் வேலை. லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவத் தண்ணிப் பைப் இருக்கிற பீலியடியில் குனிந்தபோது, சாக்குக்குள் போட்டுக் கட்டின கோழி உதறுகிற மாதிரி நெஞ்சுக்குள் ஒரு உதறல். ஒழுங்கில்லாத உதறல். ரெண்டு அடித்து ஒன்று விட்டு, நாலு சேர்த்து அடித்து. களத்தோரக் குந்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. வெயில் என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் ரெண்டு தரம் வந்தது. நாலாம் தரம் நம்மட கிணற்றடியில் மஃரிப் தொழக் கை கால் முகம் கழுவி உளூச் செய்யும்போது வந்து, நான் விழுந்தேன்.

என்னைத் தூக்கினது யார் என்று உங்களுக்குத் தெரியும். சாச்சா தனி ஆளாக என்னை இரண்டு கையிலும் ஏந்தி ஓட்டோ வரைக்கும் ஓடினார். எனக்கு அரை மயக்கம். என் காதோடு அவர்ர வோச் டிர் டிர் என்று அதிர்ந்தது. நான் ஏதோ ஆபத்து என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவரே பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார், நல்ல உடற்பயிற்சி, தொடர்ந்து செய்யுங்கள் என்று அது அவரைப் பாராட்டுகிறதாம். உங்கட உம்மாவும் அழுகைக்குள் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. நான் விழுந்ததிலும் அவருக்கு ஒரு பாராட்டு என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைப்பு ஓடியது பிள்ளைகள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லாத சோதனை. நெஞ்சிலும் கை காலிலும் வயர் ஒட்டி, நெஞ்சு அடிப்பதைத் தாளில் கோடாகக் கீறும். என் கோடு ஒழுங்காக இருந்தது. நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் உதறல் நின்று போயிருந்தது. மாரடைப்பா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள், அதுவும் இல்லை. ஆனாலும் விழுந்த ஆள் என்று வார்டில் போட்டார்கள்.

நாலு நாள். முதல் ரெண்டு நாளும் எனக்குப் பயம் என்று சொல்வதை விட ஒரு அவமானம். களத்தில் என்னைப் போல் நடக்கிறவன் இல்லை என்று இருந்த ஆள், கழிவறைக்குப் போகவும் ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. எக்கோ என்று ஒரு சோதனை செய்தார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரித்தான், இது நெஞ்சுக்கு. களி மாதிரி ஒன்றைப் பூசி, கருவியை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். திரையில் என் நெஞ்சின் கதவுகள் திறந்து மூடுவதைப் பார்த்தேன். அல்லாஹ்வின் வேலையைக் கண்ணால் கண்ட நிமிசம் அது. களத்து வேலையைப் போல அதுவும் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை.

சப்னா, நீ கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தாய். உப்புப் போட மறந்திருந்தாய். நான் சொல்லாமல் குடித்தேன், நல்ல கஞ்சி. சிபான் ஒலுவில் கெம்பஸில் இருந்து பரீட்சைக் கிழமையிலும் பஸ் ஏறி வந்து, கட்டில் ஓரத்தில் இருந்து படித்துவிட்டுப் போனான். றினோஸா என் மணிபர்சுக்குள் ஒரு துண்டு வைத்திருந்தாள், குளிசைப் பெயர், எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் சொறிக்கல்முனையைச் சேர்ந்த ஒரு கமக்காரர், தங்கராசா என்று பெயர். காலில் புண்ணுக்கு வந்தவர். பார்வையாளர் நேரத்தில் முதலில் வந்து கடைசியில் போகிறவர் உங்கட சாச்சாதான். தோடம்பழம் உரித்துத் தருவார், தலையணையைச் சரி செய்வார். ஒவ்வொரு தரமும் கையை நீட்டும்போது அந்தக் கண்ணாடி விழித்து என்னைப் பார்க்கும். நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பேன். மூன்றாம் நாள் அவர் போன பிறகு தங்கராசா கேட்டார்.

"அது உங்கட தம்பியோ காக்கா?"

"இல்ல, சகலன்" என்றேன்.

அவர் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். "நான் நெனச்சன்" என்றார். "எனக்கும் ஒருத்தன் இரிக்கான்."

ரெண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். தாதி வந்து என்ன என்று கேட்டா.

உங்கட உம்மா இது கண்ணூறு என்று முடிவு எடுத்திருந்தா. போத்தலில் தண்ணி ஓதிக் கொண்டுவந்து தந்தா. யாரோ நம்மட குடும்பத்தில் கண் வைத்துவிட்டதாகச் சொன்னா. நான் அந்தத் தண்ணியைக் குடித்துக்கொண்டு யோசித்தேன். கண் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். கண் வைத்தவனுக்கே அது திரும்பி வருமா என்று மௌலவியிடம் கேட்கவும் ஏலாது.

வீட்டுக்கு விடும்போது மூடை தூக்க வேண்டாம், நடக்கலாம் என்றார்கள். ரெண்டு கிழமை கழித்து கிளினிக். காலை ஆறு மணிக்கே நம்பர்த் துண்டு எடுத்து, நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற ஆள் எழும்ப எழும்ப ஒவ்வொரு இடமாக நகர்ந்து போக வேணும். உங்கட உம்மா பக்கத்தில் இருந்து அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ர் ஓதினா. டாக்டர் ஒரு இளம் பிள்ளை, றினோஸாவை விட ஆறேழு வயசு கூட இருக்கும். எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னா.

நெஞ்சில் மேலே ரெண்டு அறை, கீழே ரெண்டு அறை. மேல் அறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கினால், இரத்தம் அங்கே தேங்கும். தேங்கினால் கட்டியாகும். அந்தக் கட்டி ஓடிப் போய் மூளையில் அடைத்தால் பாரிசவாதம், ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும். எனக்கு அந்த நடுக்கம்தான் வந்து வந்து போகிறது என்று அவவுக்குச் சந்தேகம். இரத்தம் கட்டியாகாமல் வைக்கிற குளிசை இருக்கிறது. ஆனால் அது விளையாட்டு மருந்து இல்லை. சின்னக் காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் போகலாம். அதனால் சந்தேகத்துக்குக் கொடுக்க மாட்டார்கள், நடுக்கத்தைக் கோட்டில் கண்ணால் கண்டால்தான் கொடுப்பார்கள்.

நடுக்கம் வருகிற நேரம் நான் ஆஸ்பத்திரியில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் நடுக்கம் இல்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிகிற பெட்டி ஒன்று இருக்கிறதாம், அதற்குப் பெயர் பதிந்து விட்டா. முறை வர மூன்று மாதம் ஆகலாம். பிறகு கேட்டா:

"வீட்டில யாரிட்டயாவது நெஞ்சுத் துடிப்பு பார்க்கிற ஸ்மார்ட் வோச் இருக்கா ஐயா? இரவல் வாங்கிக் கட்டினாலும் உதவியா இருக்கும்."

"இல்ல" என்றேன்.

உங்கட உம்மா பக்கத்தில்தான் இருந்தா. அவட திக்ர் நின்றது. கல்முனைச் சந்தி தாண்டி ஓட்டோ திரும்பும்போது, "டாக்டரிட்டப் பொய் சொன்னா மருந்து வேலை செய்யாதாம்" என்றா, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

நான் சொன்னேன், எவனிடமும் கையேந்த எனக்கு ஏலாது, முறை வரும்போது பெட்டியைக் கட்டிப் பார்ப்போம் என்று. அவ திரும்பிப் பார்த்தா.

"மூணு மாசம். அதுக்குள்ள ஒரு பக்கம் இழுத்துதெண்டா, உங்கள ஆரு தூக்கிற? நவாசும் போயிருவார்."

மறுநாள் காலைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்த வோச் இருந்தது. தன்ர தங்கச்சியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறா. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கட்டிக்கொண்டேன். வாரில் அவர் குத்துகிற ஓட்டை எனக்குத் தொளதொள என்று இருந்தது, ரெண்டு ஓட்டை உள்ளே தள்ளிக் குத்தினேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கைகூட என்னை விடத் தடிப்பு.

அது சாச்சாட போனோடு கொழுவி இருந்தது. நான் எத்தனை மணிக்கு எழும்புகிறேன், எத்தனை அடி நடக்கிறேன், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாம் அவர்ர போனுக்குப் போகும். ஒரு நாள் அவர் முற்றத்தில் மீன் வியாபாரியோடு கதைத்துக்கொண்டு நிற்கும்போது, புதுசாக வாங்கின மோட்டார் சைக்கிளைக் காட்டினார். என் கையில் எண்பது தொண்ணூறாகிறதை நானே பார்த்தேன். இதுவும் அவர்ர போனுக்குப் போகுமே என்று கையைப் பின்னால் மறைத்தேன். மறைத்தால் போகாதா என்ன.

ஒரு கிழமை கட்டினேன். அந்தக் கிழமையிலும் ரெண்டு தரம் உதறல் வந்தது. நிச்சயம் பிடித்திருக்கும் என்று நம்பிக் கிளினிக்குக்குப் போனோம். போன் அவர்ட்ட இருப்பதால் சாச்சாவும் வந்தார். டாக்டர் பிள்ளை முதலில் வோச்சைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. வீட்டில் இல்லை என்றீர்களே என்று கேட்கவில்லை, நல்ல பிள்ளை. போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தா. உதறல் ஒன்றையும் காணவில்லை. நெற்றி சுருங்கியது.

"இதென்ன ஐயா, ஒவ்வொரு நாளும் அஞ்சு ஓட்டை?"

கோடு ஓடிக்கொண்டு வந்து அறுந்து போகிறது. கொஞ்சம் விட்டுத் தொடங்குகிறது. விடியச் சாமம் ஒன்று, பகலில் ஒன்று, பின்னேரம் ஒன்று, பொழுது பட ஒன்று, இரவு ஒன்று. எல்லா நாளும் அதே நேரம். அவ ஊருக்குப் புதுசு, விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தாதி நம்மட பக்கத்துப் பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அஞ்சு வக்துத் தொழுகை மிஸ்" என்றாள். "உளூச் செய்யக் கழட்டி வெச்சிரிக்கார்."

மெய்தான். பிறர்ர சாமான், தண்ணி பட்டுப் பழுதாகினால் அவர்ர முகத்தில் விழிக்க ஏலாது என்று, ஒவ்வொரு உளூவுக்கும் கழற்றி, கிணற்றுக் கட்டில் கைலேஞ்சி விரித்து அதற்கு மேல் வைப்பேன். தொழுது முடித்து வந்துதான் திரும்பக் கட்டுவேன். வாருக்கு அடியில் தண்ணி போகாவிட்டால் உளூவும் சேராதே என்றும் ஒரு யோசனை.

"உதறல் எந்த நேரம் வாறது?" என்று டாக்டர் கேட்டா.

நான் யோசித்தேன். முதல் தரம் பீலியடி. விழுந்தது கிணற்றடி. இந்தக் கிழமை ரெண்டும் கிணற்றடி. "உளூச் செய்யக்குள்ளதான்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிடிக்க வந்ததை, அது வருகிற நேரம் பார்த்து ஒவ்வொரு நாளும் ஐந்து தரம் கழற்றி வைத்திருக்கிறேன்.

சாச்சா மெதுவாகச் சொன்னார். "காக்கா, அது தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகா. அண்டைக்கே சொன்னனே, முற்றத்தில வெச்சி."

சொல்லியிருப்பார். நான் தென்னங்குலை எண்ணிக்கொண்டிருந்த நேரம். ஏழு குலையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த ஒரு சொல் ஏறவில்லை. வார் கட்டியிருந்தாலும் ஒரு ஓட்டை இளக்கி, மேலே தள்ளி, அடியில் தண்ணி ஓடவிட்டால் போதும், மோதிரத்தைச் சுழற்றுகிற மாதிரித்தான் என்று அந்த இடத்திலேயே என் கையில் செய்து காட்டினார். டாக்டர் பிள்ளை உளூவைக் குற்றம் சொல்லக் கூடாது என்றா. வெயிலில் வெந்த உடம்பில் திடீரென்று குளிர்ந்த தண்ணி படுவதும் குனிவதும் ஒரு சிலருக்கு நடுக்கத்தைக் கிளப்பிவிடலாம், நோய் முந்தியே இருந்ததுதான் என்றா. நீங்களும் ஊரில் வேறு மாதிரிச் சொல்ல வேண்டாம்.

போனைத் திருப்பித் தரும்போது சாச்சா அதில் எதையோ பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு நாளைக்கிப் பதினாலாயிரம் அடி நடந்திரிக்கீங்க காக்கா. நான் அங்க ஏசிக்குள்ள கதிரைல இரிந்து மூவாயிரம் தாண்டல்ல." அவர் குரலில் ஒரு ஏக்கம். என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. கதைத்த மூச்சிலேயே, "மாஷா அல்லாஹ்" என்றும் சொன்னார். யோசித்துச் சொல்லவில்லை. தும்மினவன் அல்ஹம்துலில்லாஹ் சொல்வது போல வந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளினிக் போய் வந்த ஐந்தாம் நாள், வோச்சைக் கழற்றாமல் அசருக்குக் கிணற்றடியில் குனிந்தேன். கோழி உதறியது. கையைப் பார்த்தேன், எழுபதில் இருந்தது நூற்று நாற்பதைத் தாண்டி ஓடுகிறது. காட்டித் தந்த மாதிரி மற்றக் கை விரலைப் பக்கப் பொத்தானில் வைத்தேன். கோடு பல் உடைந்த சீப்பு மாதிரி வந்தது. "நவாஸ்" என்று கூப்பிட்டேன். உங்கட உம்மாவைக் கூப்பிடவில்லை, றினோஸாவைக் கூப்பிடவில்லை. அவர் ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். இந்தத் தரம் நானே நடந்து போய் ஓட்டோவில் ஏறினேன். பத்து நிமிசத்தில் அவசரப் பிரிவில் வயர் ஒட்டினார்கள். உதறல் இன்னும் நின்றிருக்கவில்லை. தாளில் விழுந்தது.

டாக்டர் பிள்ளை அந்தத் தாளைத்தான் பார்த்தா, வோச்சைப் பெரிதாக எடுக்கவில்லை. வோச் சொல்வதை வைத்து மருந்து தொடங்க மாட்டேன், ஆனால் எந்த நேரம் ஓடி வர வேணும் என்று அது சரியாகச் சொல்லியிருக்கிறது என்றா. மூன்று நாள் திரும்ப வார்டில். நெஞ்சு ஓட்டத்தை அடக்க ஒரு குளிசை, இரத்தம் கட்டியாகாமல் ஒரு குளிசை. மாதா மாதம் இரத்தம் குத்திப் பார்க்க வேணும். கீரையை ஒரு நாளைக்கு அள்ளிப் போட்டு மறுநாள் ஒன்றுமில்லாமல் சாப்பிடக் கூடாது, ஒரே அளவாகச் சாப்பிட வேணும். சவரம் செய்யும்போது கவனம். இவ்வளவுதான். இனிக் கை கால் விழும் பயம் நன்றாகக் குறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது உங்கட கேள்விக்கு வருகிறேன். வாங்க வேண்டாம். வந்து வந்து மறைகிற உதறல், ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் தாளில் பிடிபடாத உதறல் உங்களில் யாருக்காவது வந்தால், அல்லாஹ் காப்பாற்ற வேணும், அன்றைக்கு அது வாங்கத் தகுந்த சாமான். இல்லாவிட்டால் இரவல் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். எனக்கு நோய் பிடிபட்டுவிட்டது. குளிசை விழுங்க வோச் தேவையில்லை, புதுக் குளிசைகளையும் எழுதிச் சேர்த்த றினோஸாட துண்டு போதும். இன்னொன்று, நான் அதைக் கட்டியிருந்த நாட்களில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். பாதி தரம் என் நெஞ்சைப் பார்க்கவில்லை. அவர்ர அடியை விட என் அடி கூடவா என்று பார்த்தேன். என்னைப் போன்ற ஆளுக்குப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு வாசல் தேவையில்லை.

வேண்டாம் என்று சொல்வதும் பொறாமையோ என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். சாச்சா கட்டாருக்குத் திரும்பிப் போன அன்று வரைக்கும் நிச்சயமாகச் சொல்லியிருக்க ஏலாது.

அன்றைக்கு லுஹருக்குப் பிறகு வேன் வந்து ரோட்டில் நின்றது. சாச்சி சாமான் ஏற்றிக்கொண்டிருந்தா. நான் வோச்சைக் கழற்றி, வாரை என் சாரத்தால் துடைத்து, பத்து எட்டு நடந்து போய் நீட்டினேன்.

"வெச்சிக்கங்க காக்கா. நான் அங்க போய் வேற ஒண்டு எடுக்கன்."

"வேணாம். இது வந்த வேலை முடிஞ்சிது" என்றேன்.

அவர் கட்டிக்கொண்டார். நான் குத்தின ஓட்டையில் வார் மடிந்து ஒரு கோடு விழுந்திருந்தது, அதைத் தாண்டித் தன்ர ஓட்டையில் குத்தினார். கையைத் திருப்பினார், கண்ணாடி விழித்தது. அவர்ர தடித்த கையில் அது நல்ல எடுப்பாகத்தான் இருந்தது. முதல் நாளும் அப்படித்தான் இருந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றேன். "நல்ல மணிக்கூடு."

சாச்சா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார்.

"ரெண்டு மாசம் எடுத்திச்சி காக்கா" என்றார். "வந்த மூணாம் நாளே சொல்லுவீங்கண்டு கைய நீட்டிக்கொண்டு நிண்டன்."